நிழலூரில் இறந்தவர்கள்

பத்தாயிரமாவது தடவையாகச் சீலக்கொரை மண்ணுக்குள் போனபோது மணி காலை பதினொன்று. லோகேஸ்வரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையின் நெற்றியிலிருந்து ஒரு துண்டு கழன்று, தேயிலைப் புதர்களையும் பால் சொசைட்டியையும் நாலு தொழிலாளர் லயங்களையும் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது. திரையின் ஓரத்தில் இறந்தவர்களின் எண் வந்து நின்றது. இருபத்து மூன்று.

அது நிஜமான சீலக்கொரை அல்ல. நிஜமான சீலக்கொரை கோத்தகிரிக்கு அப்பால், பஸ் போகும் கடைசி ஊருக்கும் மேலே, அந்த நேரத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தது. திரையில் சரிந்தது அதன் நிழல். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஊருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு நிழல்கள். யார் எத்தனை மணிக்கு எழுவார்கள், யாருக்கு மூட்டுவலி, யார் யாரோடு பேசுவதில்லை, மழை வலுத்தால் யார் முதலில் கதவைத் திறந்து பார்ப்பார்கள் என்று மூன்று வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு, கையெழுத்து வாங்கி, ஆய்வு மையத்தின் கணினிக்குள் கட்டிய ஊர். மையத்தில் எல்லோரும் அதை நிழலூர் என்றே சொன்னார்கள்.

கட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் லோகேஸ்வரி. ஏழு வருஷத்துக்கு முன்னால் கெண்டிமலை சரிந்தபோது அபாயச் சங்கை அழுத்தியது அவள் விரல்தான். மண்ணுக்குள் புதைத்திருந்த கம்பிகள் மலை நகரப்போவதை ஒன்பது மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிட்டன. சங்கும் ஒன்பது மணி நேரம் ஊதியது. அப்படியும் அறுபத்தோரு பேர் போனார்கள். பாதிப் பேர் நன்றாக நடக்கக்கூடியவர்கள். மண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருந்தும் மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று அன்றைக்கு அவளுக்கு உறைத்தது.

இயக்குநர் அருமைநாதன் அறைக்குள் வந்து அவள் பின்னால் நின்றார்.

"அதே பேருங்கதானா?"

"அதே பேருங்கதான் சார். சங்க முன்னாடியே ஊதிப் பார்த்தேன். ரோட்ட அகலப்படுத்திப் பார்த்தேன். போலீஸ அனுப்பிப் பார்த்தேன். ஒண்ணு ரெண்டு பேர் மாறுறாங்க. மத்தவங்க அப்படியே இருக்காங்க."

"ஏன் கெளம்ப மாட்டேங்கிறாங்க?"

"அத நிழல் சொல்லாது. என்ன செய்வாங்கன்னு மட்டுந்தான் சொல்லும்."

அருமைநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெண்டிமலையில் அறுபத்தோரு அடக்கத்துக்கும் போய் நின்ற மனிதர் அவர்.

"இந்தப் பட்டியல் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் லோகேஸ்வரி."

"அவங்களுக்குச் சொல்ல வேண்டாமா சார்?"

"சொன்னா மாறிடுவாங்க. மாறிட்டா நம்ம கணக்கு கெட்டுப்போயிடும். சென்னையில அனுமதி குடுக்கிற குழு என்ன கேக்குது? மலை சரியுறத சரியாச் சொல்றீங்க, ஒத்துக்கறோம். மனுஷன் என்ன செய்வான்னும் சரியாச் சொல்லுவீங்களான்னு கேக்குது. ஒரு ஊர்ல நிஜமா நடந்து, நாம சொன்னது பலிச்சாத்தான் மத்த எண்பத்து நாலு ஊருக்கும் இத எடுத்துட்டுப் போக விடுவாங்க. அங்க எத்தன ஆயிரம் பேர் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"பலிக்கிறதுன்னா இருபத்து மூணு பேர் சாகணும் சார்."

அவர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று லோகேஸ்வரி மூன்று நாள் தேடினாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம் அதிகம். நாலாம் நாள் பட்டியலை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

சீலக்கொரை பால் சொசைட்டியில் புனிதவதி பால் அளந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயது. கணவன் இல்லை, மகள் கோயம்புத்தூரில் நர்ஸ். எந்த வீட்டில் பால் குறைந்தது, எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் ஏழு மணிக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். கடைசித் தூக்குவாளி போகும்வரை லோகேஸ்வரி காத்திருந்து, விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினாள்.

புனிதவதி ஒவ்வொரு பெயரிலும் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். ஏழாவது பெயரில் விரல் நின்றது.

"என் பேரும் இருக்கே."

"ஆமாக்கா."

"ம்." விரல் அடுத்த பெயருக்கு நகர்ந்தது. முழுவதும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள். "உங்க மிசினுக்கு ஏன்னு தெரியாதுன்னீங்க. எனக்குத் தெரியுது. நம்ம சண்முகவேல் பொஞ்சாதி ரெண்டு வருசமாப் படுக்கையில கெடக்குது. வேத்து ஆம்பள தூக்க அவரு விட மாட்டாரு. இந்தக் காளியம்மா, திருப்பூர்ல இருக்கிற மகன் போன்ல சொன்னாத்தான் எதையும் நம்பும். மழை பேஞ்சா இங்க போன் எங்க எடுக்குது? சரி, சங்கு ஊதினா எங்கள எங்க போகச் சொல்றீங்க?"

"எஸ்டேட் பங்களாவுக்கு. அது பாறை மேல இருக்குக்கா. அசையாது."

"எங்கப்பா அந்த பங்களா கேட்டுல ரெண்டு நாள் நின்னாரு. எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லீவு கேட்டு. செருப்பக் கழட்டி வெச்சிட்டு மழையில நின்னாரு. அந்த கேட்டத் தாண்டி எங்கள்ல ஒருத்தரும் உள்ள போனதில்ல. சங்கு ஊதினா மட்டும் வான்னா கால் வருமா? இதுல ஒம்போது பேரு கீழ் லயத்துக்காரங்க. அவங்க மாதா கோயில் ஷெட்டுக்குத்தான் போவாங்க."

மாதா கோயில் ஷெட் ஓடைக்கரையில் இருந்தது. நிழலூரில் ஒவ்வொரு முறையும் முதலில் போவது அதுதான். லோகேஸ்வரி மூன்று வருஷம் கேட்ட கேள்விகளில் பங்களா கேட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இலை நிறுக்கும் கொட்டகையில் ஊர் கூடியது. லோகேஸ்வரி எதையும் மறைக்காமல் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து சூசைராஜ் எழுந்தார். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர், யாரோடும் ஒட்டாதவர்.

"பேரப் படிங்க மேடம்."

பின்னாலிருந்தும் அதே குரல்கள். பட்டியல் லோகேஸ்வரியின் பையில் இருந்தது. சூசைராஜின் பெயர் அதில் இரண்டாவது. அவள் கை பைக்குப் போவதற்குள் புனிதவதி முன்னால் வந்தாள்.

"பேரப் படிச்சா என்ன ஆகும்னு நெனச்சீங்களா? நாளையில இருந்து அந்த வீடுகள்ல பொண்ணு எடுக்க யோசிப்பீங்க. பேரு இல்லாதவங்க, நமக்கு ஒண்ணுமில்லன்னு இழுத்துப் போத்திட்டுப் படுத்துக்குவீங்க. நம்மள்ல இருபத்து மூணு பேரு. அவ்வளவு தெரிஞ்சாப் போதும். நானே முதல்ல சொல்றேன். சங்கு ஊதினா நான் மாட்ட அவுக்காம வர மாட்டேன். ரெண்டு மாடு, ஒரு கன்னு. இப்ப நீங்க சொல்லுங்க. உங்கள எது புடிச்சு வைக்கும்?"

முதலில் ஒரு கர்ப்பிணிப் பெண், பங்களாவில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது, அதனால் போக மாட்டேன் என்றாள். அவளைச் சுற்றி இருந்த பத்துப் பெண்கள் தாங்களும் அதனால்தான் என்றார்கள். சண்முகவேல் எழுந்து, மனைவியை நாலு பெண்கள் சேர்ந்து தூக்குவதானால் தனக்குச் சம்மதம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒருவர் ரேஷன் கார்டு என்றார். ஒருவர் நாய் என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டுப் பேர் பேசினார்கள். பட்டியலில் இருந்தவர்களும் பேசினார்கள், இல்லாதவர்களும் பேசினார்கள். பங்களா கேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது கொட்டகையே ஒரே நேரத்தில் பேசியது.

கடைசியில் சூசைராஜ் மறுபடியும் எழுந்தார்.

"மகளோட பேசி நாலு வருசமாச்சு. அவளாப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பங்களாவுல அவளும் இருப்பா. அவ மூஞ்சில முழிக்கிறதுக்கு மண்ணே தேவலன்னு இருந்துருவேன்."

மகள் ரெஜினா கொட்டகைத் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை தலைக்கு மேல் வந்தது. பங்களா கேட்டைத் திறந்துவைக்க எஸ்டேட் மேனேஜர் இரண்டு மாதம் இழுத்தடித்தார். லோகேஸ்வரி கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து உத்தரவு வாங்கினாள். உத்தரவு வந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே குடும்பத்தோடு அந்தப் புல்வெளிக்குப் போய்ச் சோறாக்கிச் சாப்பிட்டது. புனிதவதி செருப்போடு வராந்தாவில் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்துவிட்டு இறங்கினாள். கக்கூஸ்கள் எழும்பின. மாடு ஏறுகிற அளவுக்குச் சரிவில் ஒரு பாதை வெட்டினார்கள். யார் யாரைக் கூட்டிவர வேண்டும் என்று ஒவ்வொரு கதவின் உட்புறமும் எழுதினார்கள். சங்கு ஊதினால் முதலில் மாடுகள், அப்புறம் மனிதர்கள் என்று ஊர் முடிவு செய்தது. உலகத்தில் எந்தப் பேரிடர்க் கையேட்டிலும் அப்படி ஒரு வரிசை கிடையாது.

அருமைநாதனுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் சத்தம் போடவில்லை.

"கணக்கக் கெடுத்துட்டீங்க லோகேஸ்வரி."

"ஆமா சார்."

"இத நான் குழுவுக்கு எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார். ஆனா இந்த மழை முடியுற வரைக்கும் சீலக்கொரை சங்கு என் பொறுப்புல இருக்கட்டும்."

அவர் சரி என்று தலையசைத்தார்.

நவம்பரில் நாலாவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த காலை, ஐந்து ஐம்பதுக்குக் கம்பிகள் பேசின. ஆறு மணிக்கு ஊர்ச் சங்கு அறையில் லோகேஸ்வரி சங்கை அழுத்தினாள். கெண்டிமலையில் அழுத்திய அதே விரல்.

கதவுகள் திறந்தன. முதலில் மணிச்சத்தம் வந்தது. புனிதவதியின் இரண்டு மாடுகளும் கன்றும் முன்னால் ஏற, பின்னால் ஊரின் நாற்பது மாடுகளும் வரிசையாகச் சரிவுப் பாதையில் ஏறின. மாடு போன வழியில் மனிதர்கள் போனார்கள். சண்முகவேலின் மனைவியை நாலு பெண்கள் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவர் குடையை அவள் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே நடந்தார். காளியம்மாவிடம், மகன் பண்டிகைக்கு வந்திருந்தபோது பேசிப் பதிவு செய்துவைத்த குரலைப் பக்கத்து வீட்டுப் பெண் போட்டுக் காட்டினாள். "அம்மா, கெளம்பு" என்றது குரல். காளியம்மா கிளம்பினாள்.

பதினொரு மணிக்குப் பங்களா வராந்தாவில் எண்ணி முடித்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு. லோகேஸ்வரி மறுபடியும் எண்ணச் சொன்னாள். அதே எண்.

சூசைராஜ் வராந்தாவின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார். ரெஜினா ஒரு டம்ளர் டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் அதைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பழைய இலை ஸ்டோர்ல புகை வருதே."

பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற ஸ்டோர் அது. லோகேஸ்வரிக்குப் புரியவில்லை. புனிதவதிக்குப் புரிந்துவிட்டது.

"ஜார்க்கண்டுக்காரங்க. ரெண்டு குடும்பம். போன வாரந்தான் மேஸ்திரி லாரியில கொண்டுவந்து எறக்கினான். நம்ம கணக்குல அவங்க இல்லையே."

ஏழு பேர். நிழலூரில் அவர்களுக்கு நிழல் இல்லை, கதவில் எழுதிய பெயர் இல்லை. சங்குச் சத்தத்தை ஃபேக்டரிச் சங்கு என்று நினைத்திருப்பார்கள். லோகேஸ்வரி கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். கம்பிகள் சொன்ன நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம்.

சூசைராஜ் டீயை வைத்துவிட்டு ஜீப் சாவியை எடுத்தார்.

"நீங்க வேணாம்ண்ணே. வேற யாராவது எடுக்கட்டும்."

"ஏன், என் பேரு அதுல இருக்கா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. அவர் புரிந்துகொண்டார். ஒரு நொடி நின்றார். அதற்குள் ஜீப்பின் மறுபக்கக் கதவு திறந்தது. குழந்தையைப் புனிதவதியிடம் கொடுத்துவிட்டு ரெஜினா ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்கப்பா."

லோகேஸ்வரி பின்னால் ஏறிக்கொண்டாள். சேற்றில் ஜீப் பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி இறங்கியது. வளைவுகளில் மட்டும் ரெஜினா, "கல்லு" என்றாள், "பள்ளம்" என்றாள். அவர் அப்படியே வண்டியை ஒடித்தார்.

ஸ்டோருக்குள் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் நாலு பேர், குழந்தைகள் மூன்று பேர். இவர்கள் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை, வேலையைவிட்டு விரட்ட வந்திருக்கிறார்கள் என்று பயந்து பின்வாங்கினார்கள். லோகேஸ்வரி தனக்குத் தெரிந்த இந்தியில் தடுமாறினாள். அப்போது ஏதோ ஒன்று குறைந்ததுபோல இருந்தது. என்னவென்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. நாலு நாளாக இரைந்துகொண்டிருந்த ஓடை நின்றுவிட்டிருந்தது.

மேலே எங்கோ மண் தண்ணீரை அடைத்துவிட்டது. அடுத்து மலை இறங்கும் என்று லோகேஸ்வரிக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் சுக்மணி என்ற பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. அவளும் ஏதோ ஒரு மலையில் பிறந்தவள். ஓடையைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், தன் மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒரு குழந்தையைத் தூக்கி ஜீப்புக்குள் போட்டாள். மற்றவர்கள் அவள் பின்னால் ஏறினார்கள்.

ஜீப் பங்களா வளைவில் திரும்பியபோது பின்னால் மலை இறங்கியது. இடி மாதிரி இல்லை, ஒரு பெரிய மூச்சை இழுத்து விடுவதுபோல இருந்தது. ஸ்டோர், கீழ் லயம், மாதா கோயில் ஷெட், பால் சொசைட்டி எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் சிவப்பு மண்ணானது. திரையில் பத்தாயிரம் தடவை பார்த்த அதே காட்சி. இந்தத் தடவை அதற்குள் ஒருவரும் இல்லை.

வராந்தாவில் யாரும் அழவில்லை. மறுபடியும் எண்ணினார்கள். அறுநூற்றுப் பத்தொன்பது. புனிதவதி தனியாகப் போய் மாடுகளை எண்ணிவிட்டு வந்தாள். சூசைராஜ் ஜீப்பிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தார். ரெஜினா அவர் முதுகில் கை வைத்திருந்தாள். எங்கோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார். பிறகு புல்வெளி முழுக்கத் தட்டியது. வீடு போனவர்களும் தட்டினார்கள். மாடுகள் மிரண்டன. லோகேஸ்வரி ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜனவரியில் சென்னையில் குழு கூடியது. அருமைநாதன் எழுந்து ஒரே ஒரு தாளைப் படித்தார்.

"இருபத்து மூணு பேர் இறப்பாங்கன்னு எங்க கணக்கு சொல்லுச்சு. ஒருத்தரும் இறக்கல. அந்த ஊர்ல இன்னும் ஏழு பேர் இருக்காங்கன்னே எங்க கணக்குக்குத் தெரியல. ஆக மொத்தம் முப்பது இடத்துல தப்பு."

"அப்ப இது தோல்வின்னு பதிவு பண்ணிக்கலாமா?" என்று தலைவர் அம்மாள் கேட்டார்.

"பண்ணிக்குங்க மேடம். மத்த எண்பத்து நாலு ஊர்லயும் இதே மாதிரி தோக்குறதுக்கு எங்களுக்கு அனுமதி வேணும்."

லோகேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் அனுமதி வந்தது.

அடுத்த மலையில், கடசோலை என்ற ஊரின் சமுதாயக் கூடத்தில் முதல் கூட்டம். பட்டியல் எதுவும் எடுத்துப்போகவில்லை. முன்னால் புனிதவதி நின்று அதே கேள்வியைத் தமிழில் கேட்டாள், சுக்மணி தன் மொழியில் வடக்கத்தித் தொழிலாளர்களிடம் கேட்டாள். லோகேஸ்வரிக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. கடைசி வரிசையில், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

"நீங்க எந்த லயம்?" என்றாள் அந்தப் பெண்.

"நான் இந்த ஊர் இல்லீங்க. சங்கு ஊதுற ஆபீஸ்ல வேலை. மழைக்காலம் முழுக்க இங்க கீழ் சங்கு ரூம்லதான் இருப்பேன்."

"அப்ப சங்கு ஊதினா நீங்க எப்பக் கெளம்புவீங்க?"

இந்தக் கேள்வியை மூன்று வருஷம் கதவு கதவாகக் கேட்டவள் லோகேஸ்வரி. அவளிடம் யாரும் கேட்டதில்லை. நிழலூரில் தனக்கு ஒரு நிழல் செய்துவைக்கவும் அவளுக்குத் தோன்றியதில்லை.

"கடைசி ஆள் வெளிய வர்ற வரைக்கும் கெளம்ப மாட்டேன்," என்றாள்.

"உங்கள எது புடிச்சு வைக்குது?"

லோகேஸ்வரி கெண்டிமலையைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது மணி நேரம் சங்கை அழுத்திக்கொண்டே இருந்ததை, கண்ணாடிக்கு அப்பால் ஒருவரும் நகராமல் இருந்ததை, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வருவார்கள் என்று நினைத்ததை. அருமைநாதனிடம்கூட அவள் சொல்லியிராத கதை. அந்தப் பெண்ணின் ஊசிகள் நிற்காமல் ஓடின. முழுவதையும் கேட்டுவிட்டு, பின்னலை மடியில் வைத்துக் கையைத் தூக்கினாள்.

"அக்கா, நான் மீனலோசனி. மேல் லயம். சங்கு ஊதினா கீழ் ரூம்ல இருக்கிற இந்த மேடத்தக் கூட்டியார ஆளு இல்ல. நான் வரேன். எழுதிக்குங்க."

புனிதவதி நிமிர்ந்து லோகேஸ்வரியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் எழுதியதைப் போலவே அதையும் எழுதிக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.